மலை வயலில் குளிர்கால வறட்சி: மாவட்டச் சராசரியை நம்பி உட்காராதீர்கள்

உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதியில் விவசாயிகளோடு வேலை செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அக்டோபரில் இருந்து மழை இல்லை, கோதுமை பாதி வயல்களில் முளைக்கவே இல்லை, ஆனாலும் இது வறட்சியா இல்லையா என்று சொல்ல யாரும் தயாராக இல்லை. மலையில் குளிர்கால வறட்சியை எப்படி அளப்பது? அளந்தபின் என்ன செய்வது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தின் மாத மழைச் சதவீதத்தை வைத்து மலையில் வறட்சியைத் தீர்மானிக்க முடியாது. உயரவாரியாகப் பிரித்து, எந்தப் பயிர் எந்த வாரத்தில் எதைக் கேட்கிறது என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த வறட்சி நடப்பது ஒரு மாதத்தில், அடி விழுவது வேறொரு மாதத்தில். அதனால் "வறட்சி வந்துவிட்டதா" என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, "இந்தத் தேதிக்குள் மழை வராவிட்டால் இதைச் செய்வோம்" என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் வேலைக்கு ஆகும்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேற்கு இமயமலையில் அந்தக் கணக்கே கிடையாது. செப்டம்பர் கடைசியில் தென்மேற்குப் பருவமழை விலகிவிட்டால், அடுத்த மழைக்கு அங்கே மேற்குத் திசையைத்தான் பார்க்க வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டத்தோடு ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வந்து சேரும் தாழ்வுநிலைகள்தான் குளிர்கால மழையைக் கொண்டுவருகின்றன. வானிலை அறிக்கையில் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ், மேற்கத்திய இடையூறு என்று வருவது இவற்றைத்தான். காஷ்மீர், ஹிமாசல், உத்தராகண்ட், மேற்கு நேபாளம் எல்லாம் இவற்றை நம்பியே இருக்கின்றன. கீழே மழையாகவும் மேலே பனியாகவும் பொழியும். மாதத்துக்குச் சில வந்துபோகும், ஆனால் எல்லாமே நிலத்தை நனைப்பதில்லை. வலுவான இரண்டு மூன்று தவறிப்போனாலே அந்தக் குளிர்காலம் பொய்த்ததாகிவிடும்.

2024 ஜனவரியில் ஹிமாசலில் மழைப் பற்றாக்குறை 90 சதவீதத்துக்கு மேல். பனிச்சறுக்குக்குப் பேர்போன காஷ்மீரின் குல்மார்க்கில் ஜனவரி கடைசி வரை சரிவுகளில் வெறும் புல்தான் தெரிந்தது. அதே ஆண்டு அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் ஹிமாசலில் 95 சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறை. எல் நினோ (பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது) இருக்கும் குளிர்காலத்தில் இந்த மலைகளுக்கு மழை கூடும், அது குளிரும் லா நினாவில் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2023–24 எல் நினோ குளிர்காலம்தான், அதிலேயே ஜனவரி இப்படிப் போனது. அந்த விதியை மட்டும் நம்பி விதை வாங்க வேண்டாம்.

இனி சதவீதத்துக்கு வருவோம். நவம்பரில் ஹிமாசலின் சராசரி மழையே ஏறக்குறைய 20 மி.மீ.தான். அதில் 99 சதவீதப் பற்றாக்குறை என்று செய்தி வந்தால் பயங்கரமாக இருக்கும். ஆனால் செப்டம்பர் கடைசியில் நல்ல மழை பெய்து மண் நிறைந்திருந்தால், பயிருக்கு அது அவ்வளவு பெரிய அடி இல்லை. மாறாக, பருவமழை செப்டம்பர் நடுவிலேயே முடிந்து, அக்டோபரும் காய்ந்திருந்தால், நவம்பரில் 50 சதவீதப் பற்றாக்குறையே விதைப்பைக் கெடுத்துவிடும். சதவீதத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொரு சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. வானிலைத் துறையின் கணக்கில் குளிர்காலம் என்பது ஜனவரியும் பிப்ரவரியும் மட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழைக்குப் பிந்தைய காலம் என்று தனியாகப் போய்விடும். விவசாயிக்கோ அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை ஒரே ராபி பருவம், அதாவது குளிர்காலப் பயிர்ப் பருவம். மூன்று மாதம் காய்ந்து, ஜனவரி கடைசியில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், "குளிர்கால மழை இயல்பு" என்று அறிக்கை வரும். வயலில் முளைக்காத கோதுமை முளைக்காததுதான். ஆகவே நீங்கள் எடுத்துக்கொள்ளும் கணக்கு அக்டோபர் 1-ல் தொடங்கட்டும்.

எஸ்.பி.ஐ. எனப்படும் தரப்படுத்தப்பட்ட மழைக் குறியீடு இதைவிட மேல். மெக்கீயும் அவருடன் இருந்தவர்களும் 1993-ல் உருவாக்கியது, உலக வானிலை அமைப்பு பரிந்துரைப்பது. ஓர் இடத்தின் நீண்டகாலப் பதிவோடு ஒப்பிட்டு, இப்போதைய மழை எவ்வளவு அபூர்வமான குறைவு என்று சொல்லும்: மைனஸ் 1-க்குக் கீழே போனால் மிதமான வறட்சி, மைனஸ் 1.5-க்குக் கீழே கடுமை, மைனஸ் 2-க்குக் கீழே மிகக் கடுமை. ஆனால் மலைக் குளிர்காலத்தில் ஒரு மாத எஸ்.பி.ஐ. போடாதீர்கள். பல ஆண்டுகளில் நவம்பர் மழை பூஜ்யமாகவே இருக்கும் இடத்தில் அந்தக் கணக்கு தடுமாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கு ஒன்று, பிப்ரவரி முடிவில் ஐந்து மாதத்துக்கு ஒன்று, இந்த இரண்டும் போதும். குறைந்தது 30 ஆண்டுப் பதிவு உள்ள நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலையம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மலை மாவட்டத்தில் மழைமானிகள் பெரும்பாலும் ஊர், சாலை, அலுவலகம் இருக்கும் பள்ளத்தாக்கில்தான் இருக்கும். வயல்கள் அதற்கு 500 மீட்டர் மேலேயும் இருக்கலாம், மலையின் மறுபக்கத்திலும் இருக்கலாம். பனி பெய்யும் உயரத்தில் வேறொரு வம்பு: காற்று அடித்தால் பனி மானிக்குள் விழாமல் பறந்துவிடும், பதிவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பனியின் உயரத்தை அப்படியே மழையாகவும் எண்ணக் கூடாது. புதுப் பனி 10 செ.மீ. உருகினால் தோராயமாக 1 செ.மீ. தண்ணீர், அவ்வளவுதான். உலர்ந்த தூள் பனியில் இதைவிடவும் குறையும்.

செயற்கைக்கோள் படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் வடக்குச் சரிவுகள் பாதி நாள் நிழலில் கிடக்கும், பயிர் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று படத்தில் இருந்து கணக்கிடும் பசுமைக் குறியீடு நிழலில் பொய் சொல்லும். 250 மீட்டர் படப்புள்ளி ஒன்றுக்குள் பத்து அடுக்கு வயல், ஒரு பாதை, ஒரு துண்டு பைன் காடு எல்லாம் அடங்கிவிடும். வயல் காய்ந்தாலும் பைன் பச்சையாகவே இருக்கும், படமும் பச்சை என்றே சொல்லும். சென்டினல்-2 போன்ற 10 மீட்டர் படங்களை, அதுவும் தெற்கு பார்த்த வயல்களுக்கு மட்டும், சென்ற ஆண்டுகளின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால் ஏதோ கிடைக்கும். பனிப்போர்வை எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று பார்ப்பதற்குத்தான் செயற்கைக்கோள் உண்மையில் கைகொடுக்கிறது. காத்மாண்டுவில் உள்ள இசிமோட் நிறுவனம் இந்துகுஷ் இமயமலை முழுவதற்கும் இதைக் கவனித்துச் சொல்கிறது. 2025-ல் பனி நிலைத்திருந்த அளவு இயல்பைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 ஆண்டுகளில் மிகக் குறைந்த அளவு என்று அறிவித்தது.

சரி, கிராமத்தில் நின்றுகொண்டு என்ன அளப்பது? நான் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, கடைசியாக நிலம் நனைந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. தூறலைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே மழையில் 10 மி.மீ.க்கு மேல் பெய்ததா என்று மட்டும் பாருங்கள். நேரான சுவருள்ள எந்தப் பாத்திரமும் ஒரு ஸ்கேலும் இருந்தால் போதும். இதை மண் ஆழத்தோடு சேர்த்தால் கணக்கு முடிந்தது. உதாரணத்துக்கு, 40 செ.மீ. ஆழமுள்ள நடுத்தர வண்டல் மண் பயிருக்குக் கொடுக்கக்கூடிய நீர் தோராயமாக 60 மி.மீ. அதில் பாதியைத்தான் பயிர் சிரமமில்லாமல் எடுக்கும். டிசம்பர் குளிரில் இளம் கோதுமை வயல் நாளொன்றுக்கு ஒரு மி.மீ. அளவுக்குச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிறைந்த மண் ஒரு மாதம் தாங்கும். 20 செ.மீ. மண் உள்ள மேல் அடுக்கு வயல் இரண்டு வாரம்தான் தாங்கும். ஒரே கிராமத்தில், ஒரே மழையில், ஒரு வயல் வறட்சியிலும் அடுத்த வயல் நன்றாகவும் இருப்பது இதனால்தான். தெற்கு பார்த்த சரிவு வடக்கு பார்த்ததைவிட வேகமாகக் காயும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடவே வாரம் ஒருமுறை கைக்கொத்தால் 15 செ.மீ. தோண்டி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். உருண்டை நின்றால் விதைக்கலாம். பிடித்ததும் உதிர்ந்தால் விதையை வீணாக்காதீர்கள். மேலே வெளுத்துக் காய்ந்திருக்கும் மண் கீழே ஈரமாக இருக்கலாம். காலையில் மேல்மண் ஈரமாகத் தெரிவது வெறும் பனித்துளியாகவும் இருக்கலாம். இரண்டுமே ஏமாற்றும், அதனால்தான் தோண்டச் சொல்கிறேன்.

இரண்டாவது, சுனை. மலைக் கிராமத்தில் நிலத்தடி நீர்மட்டம் என்பது கிணற்றில் இல்லை, சுனையில்தான் தெரியும். குமாவுனில் நௌலா என்ற கல் கட்டிய சுனைக் கிணறும், தாரா என்ற குழாய்வாய்ச் சுனையும் இன்னும் இருக்கின்றன. 10 லிட்டர் வாளி, கைபேசியில் ஒரு கடிகாரம். வாளி நிறைய எத்தனை வினாடி என்று மாதம் இருமுறை, ஒரே நேரத்தில், ஒரே ஆள் குறித்துவைத்தால் போதும். காலையில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் அளக்காதீர்கள்.

இந்த அளவு ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாளி 40 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர், ஒரு நாளைக்கு 21,600 லிட்டர். கேட்க நிறைய இருக்கிறது. ஊரில் 60 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 16,500 லிட்டர் போய்விடும். 100 மாடுகளுக்குத் தலா 40 லிட்டர் வீதம் இன்னொரு 4,000. மிச்சம் 1,100 லிட்டர். அதை வைத்துப் பாசனம் பண்ண முடியாது. வாளி நிறைய 50 வினாடி ஆகிவிட்டால் குடிநீரும் மாட்டுக்குத் தேவையான நீருமே துண்டு விழும். இந்தக் கணக்கு டிசம்பரிலேயே கையில் இருந்தால், சுனைத் தண்ணீரை வயலுக்குத் திருப்பலாமா என்று பிப்ரவரியில் சண்டை போட வேண்டியதில்லை.

மூன்றாவது, பனிக்கோடு. எந்த உயரம் வரை பனி நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று எதிர்மலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம், வாரம் ஒரு புகைப்படம், ஒரே இடத்தில் இருந்து. பனியில் தேதி முக்கியம். காஷ்மீரில் டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைச் சில்லை கலான் என்பார்கள். அந்த நாட்களில் விழும் பனி இறுகி, மேலே அடுக்கடுக்காகச் சேர்ந்து, கோடை வரை மெல்ல உருகும். பிப்ரவரி கடைசியில் அதே அளவு விழுந்தாலும் வெயில் ஏறியதும் சட்டென்று கரைந்து ஓடிவிடும். மொத்தக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், மே மாதத்து ஓடையில் ஒன்றல்ல. இதில் வேறொரு வகையும் உண்டு: ஈரம் குறையவே இல்லை, ஆனால் வெப்பம் கூடியதால் பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்துவிட்டது. மழைமானியில் அது வறட்சியாகத் தெரியாது. பனிக்கோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த மூன்றையும் மூன்று உயரப் பட்டைகளுக்குத் தனித்தனியாக வையுங்கள்: ஆற்றோர வயல், நடுச் சரிவு, மேலே பழத்தோட்டமும் மேய்ச்சலும். அரசு அலுவலகத்துக்குப் போகும்போது இதுதான் உங்கள் ஆவணம்.

அரசு நடைமுறையையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய வேளாண் அமைச்சகத்தின் 2016 வறட்சி மேலாண்மைக் கையேட்டின்படி, முதலில் மழைப் பற்றாக்குறையோ நீண்ட உலர்காலமோ இருக்க வேண்டும். பிறகு விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் பசுமைக் குறியீடு, மண் ஈரம், நீர்நிலை ஆகிய தாக்கக் குறியீடுகள். கடைசியாகக் கிராமங்களில் நேரடிச் சரிபார்ப்பு. ராபி பருவத்துக்கு மார்ச் 31-க்குள் அறிவிக்க வேண்டும். மலைக்கு இது பொருந்தாத சட்டை என்பது என் எண்ணம். நீர்நிலைக் குறியீடு அணையையும் கிணற்றையும் பார்க்கிறது, சுனையைப் பார்ப்பதில்லை. ஆப்பிளில் பூ குறைவது ஏப்ரலில், சுனை வற்றுவது மே மாதத்தில், இரண்டுமே தேதி தாண்டிய பிறகுதான் தெரியும். ஆனாலும் விதைப்புப் பரப்புக் குறியீட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். விதைக்காமல் கிடக்கும் வயல்களை டிசம்பர் நடுவிலேயே தேதியோடு படமெடுத்து, பட்வாரியிடம் (கிராம நிலக் கணக்கு அலுவலர்) எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பேரிடர் நிவாரண விதிகளில் பயிர் இழப்பு குறைந்தது 33 சதவீதமாவது இருக்க வேண்டும். எது 33 சதவீதம் என்ற வாக்குவாதத்தில் முளைக்காத வயலின் படம் வாயால் சொல்வதைவிட அதிகம் பேசும்.

2008–09 குளிர்காலத்தில் நேபாளத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை சராசரியில் பாதிக்கும் கீழே. நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் கோதுமை விளைச்சல் 14.5 சதவீதமும் பார்லி 17.3 சதவீதமும் குறைந்தன. இந்த எண்களைப் பார்த்தால் தாங்கக்கூடிய நஷ்டம்போலத் தெரியும். ஆனால் மத்திய மேற்கு, தூர மேற்கு மலை மாவட்டங்கள் சிலவற்றில் பாதிக்கு மேல் போனது, அங்கேதான் ஏற்கெனவே உணவுப் பற்றாக்குறையும் இருந்தது. சராசரி எதை மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சமாளிப்பது பற்றி. கோதுமைக்கு நான் வைத்திருக்கும் தேதிகள் கடினமானவை அல்ல, உங்கள் உயரத்துக்கு ஏற்ப ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்துங்கள். மானாவாரி வயலில் உழவு மழைக்காகக் காத்திருந்து விதைப்பது நவம்பர் பாதி வரை நல்லது. அதற்குள் மழை இல்லை, தோண்டிப் பார்த்தால் ஈரம் 8–10 செ.மீ. கீழே இருக்கிறது என்றால், விதையை இரவு ஊறவைத்து நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஆழமாக வரிசையில் விதைக்கலாம். தூவி விதைத்தால் மேல்மண்ணில் கிடந்து பறவைக்குத்தான் போகும். ஈரமே இல்லை என்றால் விதைக்காதீர்கள். டிசம்பர் தொடங்கிவிட்டால் பின்பருவ ரகத்துக்கோ பார்லிக்கோ மாறுங்கள். பார்லி குறைந்த ஈரத்தில், குறைந்த நாளில் முடியும். மைசூர்ப் பருப்பும் அப்படித்தான், ஆனால் அதைத் தாமதமாக விதைத்தால் பலன் இல்லை. டிசம்பர் கடைசி வரை மழை இல்லையா, தானியத்தை மறந்துவிட்டுத் தீவனத்தை யோசியுங்கள்.

தீவனம் என்றதும் பலர் கவனிக்காத ஒன்று. மலை விவசாயி கோதுமையைத் தானியத்துக்கு மட்டும் வளர்ப்பதில்லை, வைக்கோலுக்கும் சேர்த்துத்தான் வளர்க்கிறார். வறட்சியில் பயிர் குட்டையாகிறது. தானியம் சுமாராக வந்தாலும் வைக்கோல் பாதியாகிவிடும். மதிப்பீடு செய்பவர் கதிரை எடை போட்டுவிட்டு "பரவாயில்லை" என்று போவார், மார்ச்சில் மாட்டுக்குப் போட ஒன்றும் இருக்காது. பிறகு பெண்கள் தீவன இலைக்காக ஓக் மரத்தைத் தேடி இன்னும் மேலே ஏற வேண்டும். மரத்தை அளவுக்கு மீறிக் கழித்தால் அடுத்த ஆண்டின் தீவனமும் போய்விடும். அதனால் வைக்கோலையும் எடை போடச் சொல்லுங்கள். அல்மோராவில் உள்ள விவேகானந்தா மலை வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பச்சைத் தீவனமாக ஒருமுறை அறுத்துவிட்டுப் பிறகு தானியத்துக்கு விடும் கோதுமை ரகங்களைத் தந்திருக்கிறது. ஆனால் வறண்ட ஆண்டில் அறுத்தபின் மழை இல்லை என்றால் பயிர் மீளாது. அறுப்பதற்கு முன் மண்ணைப் பாருங்கள்.

கொஞ்சம் தண்ணீர் இருப்பவர்கள் எப்போது விடுவது? கோதுமைக்கு ஒரே ஒரு தண்ணீர்தான் விட முடியும் என்றால், விதைத்து 20 முதல் 25 நாளில், தண்டின் அடியில் நிலையான வேர் பிடிக்கும் நேரத்தில் விடுங்கள். மேல் உயரங்களில் குளிரால் பயிர் மெதுவாக வளரும், அங்கே நாள் எண்ணாமல் செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, விதையில் இருந்து வரும் மெல்லிய வேருக்கு மேலே, தடித்த வெள்ளை முனைகள் எட்டிப் பார்த்தால் அதுதான் நேரம். அந்த நேரத்தில் மண் காய்ந்திருந்தால் அந்த வேர் நீளாது, பிறகு எவ்வளவு பெய்தாலும் தூர் கட்டாது. ஒரு லட்சம் லிட்டர் குட்டை இருந்தால் 5 செ.மீ. ஆழத்துக்கு 2,000 சதுர மீட்டருக்குத்தான் வரும், குமாவுன் கணக்கில் 10 நாலி. ஊர் முழுக்கப் பங்கிட்டு எல்லோருக்கும் அரை செ.மீ. கொடுப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் யாருக்கும் பயிர் வராது. யார் வயலுக்கு, எந்த வரிசையில் என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். ஹிமாசலின் காங்ராவில் கூல் எனப்படும் பாசன வாய்க்கால்களில் முறை பிரித்துவிட ஒரு ஆள் வைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு இதற்காகத்தான்.

காய்கறி வயலிலும் பூண்டிலும் மூடாக்குதான் முதல் வேலை. காய்ந்த புல், இலை, பைன் ஊசி எது கிடைத்தாலும் சரி. பைன் ஊசி மண்ணைப் புளிக்க வைத்துவிடும் என்று பயப்படுவார்கள், ஒரு பருவ மூடாக்கில் அப்படி ஒன்றும் ஆகாது. உண்மையான பயம் தீ. உத்தராகண்டில் காட்டுத்தீக் காலம் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை என்பது கணக்கு, ஆனால் வறண்ட குளிர்காலத்தில் அதற்கு முன்பே பற்றிக்கொள்ளும். காட்டை ஒட்டிய வயலில் பைன் ஊசியை விரிக்காதீர்கள், நடுவே ஒரு அடுக்கு வயலைச் சும்மா விடுங்கள்.

உறைபனியையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். மேகமில்லாத வறண்ட இரவில் தரை வேகமாகக் குளிரும். ஈரமண் பகல் வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் கீழிருந்து மேலே கொடுக்கும், காய்ந்த மண் கொடுக்காது. ஆகவே உறைபனி எச்சரிக்கை வந்தால் முதல் நாள் பகலிலேயே பட்டாணி, உருளை, நாற்றங்கால் பாத்திகளுக்கு லேசாகத் தண்ணீர் காட்டுங்கள். ஒதுக்கிவைத்த கொஞ்ச நீரைச் செலவு செய்ய இது தகுந்த இடம். வானிலைத் துறையின் வேளாண் ஆலோசனை செவ்வாயும் வெள்ளியும் வரும். வியாழக்கிழமைதோறும் நான்கு வாரத்துக்கான நீள்தூர முன்கணிப்பும் வரும். அதில் மூன்றாம் நான்காம் வாரத்தைத் திட்டமிட மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பந்தயம் கட்ட வேண்டாம்.

ஆப்பிள் தோட்டக்காரர்களின் கவலை வேறு. டெலிஷியஸ் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே 1,000 மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும். வறண்ட குளிர்காலத்தில் இரவு குளிர்ந்தாலும் பகல் வெயில் சுள்ளென்று அடிப்பதால் அந்தக் கணக்கு இழுத்துக்கொண்டே போகும். பனி இல்லாததால் மரத்தடியில் மெல்ல இறங்கும் ஈரமும் இல்லை. இந்த நிலையில் வழக்கப்படி பாத்தி கொத்துவது, உரம் வைப்பது, புதுக்கன்று நடுவது மூன்றையும் தள்ளிப்போடுங்கள். காய்ந்த மண்ணைக் கொத்தினால் இருக்கிற ஈரமும் போய்விடும், காய்ந்த மண்ணில் வைத்த உரம் வேருக்குச் சேராது. நர்சரியில் கன்று வாங்கியாயிற்று, என்ன செய்வது என்பவர்கள் நிழலில் ஈரமணலில் வேரைப் புதைத்துச் சாய்த்து வைக்கலாம், மழை வந்ததும் நடலாம். மரத்தைச் சுற்றி 10 முதல் 15 செ.மீ. தடிமனில் புல் மூடாக்கு, தண்டை ஒட்டாமல், எலி வராதபடி கொஞ்சம் இடம் விட்டு. வானிலை அடிப்படையிலான காப்பீடு எடுத்திருந்தால், உங்கள் தோட்டத்துக்கு எந்த நிலையத்தின் பதிவை எடுக்கிறார்கள் என்று பிரீமியம் கட்டும் முன் கேளுங்கள். 800 மீட்டர் கீழே இருக்கும் நிலையத்தின் மழை உங்கள் பனியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நீண்டகால வேலையில் எனக்கு முக்கியமாகப் படுவது சுனைகளின் பிடிப்புப் பகுதி, அதாவது சுனைக்கு நீர் ஊறிவரும் நிலம். இமயமலையில் ஏறக்குறைய பாதிச் சுனைகள் வற்றிவிட்டன அல்லது குறைந்துவிட்டன என்று நிதி ஆயோக்கின் 2018 அறிக்கை சொன்னது. சிக்கிம் 2008-ல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டத்தில் சுனைக்கு மேலே சரிவில் பள்ளமும் வரப்பும் வெட்டி மழையை மண்ணுக்குள் இறக்கினார்கள். உத்தராகண்டில் மலைமுகட்டில் சால், கால் என்று சிறு குட்டைகள் வெட்டும் பழக்கம் முன்பே இருந்தது. வெட்டும் முன் பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு புவியியலாளரைக் கேளுங்கள். சுனைக்கு நேர் மேலே வெட்டிய பள்ளத்தின் தண்ணீர் மலையின் மறுபக்கத்து ஊருக்குப் போய்ச் சேரலாம். இந்த வேலையை ஜூனுக்குள் முடித்துப் பருவமழையைப் பிடிக்க வேண்டும். இந்த ஆண்டுக் குளிர்காலத்துக்கு அதனால் பயன் இல்லை, அடுத்த ஆண்டுக்கு உண்டு.

கடைசியாக, பிப்ரவரியில் ஒரு நல்ல மழை பெய்து எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடும் நாளைப் பற்றி. அந்த மழையில் பிழைத்திருக்கும் கோதுமைக்கு மேலுரம் போடலாம், தள்ளிவைத்த கன்றுகளை நடலாம். ஆனால் பதிவேட்டை மூடாதீர்கள். 20 மி.மீ. மழை மேல்மண்ணை நனைக்கும், சுனைக்கு அது போய்ச்சேராது. வாளிக் கணக்கை ஜூன் வரை தொடருங்கள். ஏப்ரலில் பூ எண்ணிக்கை, மே மாதத்தில் சுனை, இரண்டையும் அதே பதிவேட்டில் சேர்த்து எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு தேதிகளை நிர்ணயிக்கும்போது என் எண்களை விட்டுவிட்டு உங்கள் எண்களைப் பயன்படுத்தலாம்.